வாசலிலேயே ஏழு ஆண்டுகள்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசி. திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு முடித்திருந்த தங்கை மகள் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆஸ்திரியாவில் ஏதோ கார் பந்தயம் என்றாள். பெண்கள் மட்டுமே ஓட்டுகிற புதிய ஃபார்முலா போட்டி, இன்றுதான் தொடங்குகிறது என்றாள். "சரி, போடு, நானும் பார்க்கிறேன்" என்றேன்.

"பார்க்க முடியாது பெரியம்மா. நேரலை கிடையாது. முடிவு மட்டும்தான் வரும்."

அன்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நாலைந்து மாதங்கள் கழித்துத்தான் அந்த வாக்கியம் மனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் முனைவர் பட்ட ஆய்வு செய்தது சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி. நிகழ்ந்தது போய்விட்டது, எழுத்தில் ஒரு துணுக்கு மட்டும் நிற்கிறது என்பது எங்கள் துறையில் அன்றாடச் சங்கடம். அணிலாடு முன்றிலார், செம்புலப்பெயனீரார் போன்றோரின் பாட்டு இருக்கிறது, பெயர் போய்விட்டது. பாட்டில் வரும் தொடரையே பெயராகச் சூட்டி வைத்தார்கள். அவர்கள் ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல வழியில்லை. இந்தப் பந்தயங்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். பெயர்களும் நொடிக் கணக்குகளும் பத்திரமாக இருக்கின்றன, ஓட்டத்தை நேரில் நின்று பார்த்தவர் மிகச் சிலர். அதுவும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பல்ல, எல்லோர் கையிலும் கேமரா இருக்கிற காலத்தில்.

எஃப்1 அகாதமி என்று பெயரிடப்பட்ட அந்தப் போட்டியின் முதல் பருவத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மோட்டார் பந்தயத்துக்கும் எனக்கும் வேறு தொடர்பு இல்லை. நான் கார் ஓட்டக் கற்றதே நாற்பத்தொரு வயதில். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பு, என் தம்பிக்கு அப்பா தெருக்கோடி மைதானத்தில் அம்பாசிடர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது நான் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். கிளட்சை எப்போது விட வேண்டும் என்பதைத் தம்பிக்கு முன்பே காதால் கற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. சக்கரங்கள் உடலுக்கு வெளியே துருத்தி நிற்கும் ஒற்றை இருக்கை வண்டிகளில் பல படிநிலைகள் உண்டு. சிறுவர்கள் ஏழெட்டு வயதில் கார்ட் என்ற தரையொட்டிய சிறு வண்டியில் தொடங்குகிறார்கள். பதினைந்து வயதானதும் ஃபார்முலா 4. பிறகு ஃபார்முலா ரீஜினல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா 1. ஃபார்முலா 4 என்பதை 2014இல் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு இந்த ஏணியின் கீழ்ப்படியாக ஏற்படுத்தியது. கார்ட்டிலிருந்து காருக்கு வரும் பிள்ளைகள் கால் வைக்கிற இடம். நுழைவு நிலை என்று சொல்வது இதைத்தான்.

எஃப்1 அகாதமி பயன்படுத்தியது இத்தாலியின் டட்டூஸ் நிறுவனம் செய்த டி421 என்ற ஃபார்முலா 4 வண்டி. 165 குதிரைத் திறன் கொண்ட டர்போ இன்ஜின், பிரெல்லி டயர். நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.6 நொடியில் எட்டும், உச்ச வேகம் 240 கிலோமீட்டர். பதினைந்து பெண்கள், ஐந்து அணிகள், அணிக்கு மூவர். அணிகள் ஒன்றும் புதியவை அல்ல. பிரேமா, ஏஆர்டி, காம்போஸ், கார்லின், எம்பி மோட்டார்ஸ்போர்ட் ஆகிய ஐந்தும் ஃபார்முலா 2, ஃபார்முலா 3இல் ஆண்களுக்கு வண்டி ஓட்டக் கொடுத்துப் பேர் வாங்கியவை. ஏழு வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பந்தயங்கள், ஆக மொத்தம் 21. ஆஸ்திரியாவின் ஷ்பீல்பெர்க்கில் தொடங்கி, ஸ்பெயினில் வலென்சியா, பார்சிலோனா, நெதர்லாந்தில் சாண்ட்வோர்ட், இத்தாலியில் மோன்சா, பிரான்சில் பால் ரிக்கார்ட் என்று போய் அமெரிக்காவின் ஆஸ்டினில் அக்டோபரில் முடிந்தது. இவற்றில் ஆஸ்டின் மட்டுமே ஃபார்முலா 1 பந்தயம் நடந்த அதே வார இறுதியில் நடந்தது. ஆஸ்டின் மட்டுமே நேரலையில் வந்தது. முதல் ஆறு இடங்களில் நடந்த பதினெட்டுப் பந்தயங்களும் நேரலையில் வரவில்லை. பிறகு சுருக்கத் தொகுப்புக் காணொளிகள் வெளியாயின.

இதைக் கேட்டு அப்போதே பலர் கோபப்பட்டார்கள். அதற்கு முந்தைய டபிள்யூ சீரிஸ் தொலைக்காட்சியில் வந்தது என்பதால் கோபம் கூடுதல். அந்த முந்தைய கதையைச் சொல்லாமல் இந்தப் பருவம் விளங்காது.

டபிள்யூ சீரிஸ் 2019இல் தொடங்கிய பெண்கள் மட்டுமான போட்டி. அதில் ஓட்டுபவர் காசு தர வேண்டியதில்லை. மோட்டார் பந்தயத்தில் இது கிட்டத்தட்டப் புரட்சி. ஏனென்றால் இந்த விளையாட்டில் இருக்கை என்பது விலைக்கு வாங்கப்படுகிறது. அப்பா பணக்காரராக இருக்க வேண்டும், அல்லது விளம்பரதாரர் கிடைக்க வேண்டும். டபிள்யூ சீரிஸ் தேர்வு வைத்து ஆள் எடுத்தது. வெற்றி பெற்றவருக்கு ஐந்து லட்சம் டாலர் பரிசு. தொடங்கியபோது ஓட்டுநர்களிடையே சண்டை. பெண்களைத் தனியே பிரிப்பது பின்னோக்கிய நகர்வு என்று இண்டிகார் ஓட்டுநர் பிப்பா மேன் எதிர்த்தார். ஜெர்மனியின் சோஃபியா ஃப்ளோர்ஷும் எதிர்த்தார். காரணங்கள் சரி, தீர்வு தவறு என்பது அவர் நிலை. ஆனால் இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் அதில் சேர்ந்து, 2019, 2021, 2022 என்று நடந்த மூன்று பருவங்களிலும் பட்டம் வென்றார். 2022 அக்டோபரில் டபிள்யூ சீரிஸிடம் பணம் தீர்ந்துபோய், மிச்சமிருந்த பந்தயங்கள் ரத்தாயின. அடுத்த மாதமே ஃபார்முலா 1 நிறுவனம் எஃப்1 அகாதமியை அறிவித்தது. 2023 ஜூனில், புதிய போட்டியின் பருவம் நடுவில் ஓடிக்கொண்டிருந்தபோது, டபிள்யூ சீரிஸ் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது.

மூன்று முறை பட்டம் வென்ற ஒருவர் மேற்படிக்குப் போக முடியாமல் அதே வகுப்பில் மூன்று முறை முதல் மதிப்பெண் வாங்கியதைப் பற்றி நான் அப்போது வகுப்பில் பேசியிருக்கிறேன். மாணவிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஒவ்வொரு ஜூனிலும் அதே சான்றிதழ்களை அதே வரிசையில் அடுக்கி, அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அதே பாடத்துக்குப் புதிதாக விண்ணப்பித்தவள். பெயரில் கௌரவம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, இந்தப் பருவத்தின் பட்டியலைப் பார்த்தபோது பெயர்களைவிட வயதும் ஆண்டுகளும் முதலில் கண்ணில் பட்டன.

பட்டியலைப் பாருங்கள். ஸ்பெயினின் மார்த்தா கார்சியா, நெரேயா மார்ட்டி. இங்கிலாந்தின் அப்பி புல்லிங். கனடாவின் மேகன் கில்க்ஸ். பிலிப்பைன்ஸின் பியாங்கா புஸ்டமாண்டே. நெதர்லாந்தின் எமெலி டி ஹியூஸ். இந்த ஆறு பேரும் ஏற்கெனவே டபிள்யூ சீரிஸில் ஓட்டியவர்கள். அந்த வண்டி ஃபார்முலா ரீஜினல் வகை, அதாவது ஒரு படி மேல். ஸ்விட்சர்லாந்தின் லெனா பியூலர் ஐரோப்பிய ஃபார்முலா ரீஜினல் போட்டியில் ஆண்களோடு ஓட்டியிருந்தார். இவர்கள் எல்லோரும் 2023இல் ஃபார்முலா 4க்கு, கீழ்ப்படிக்கு, இறங்கி வந்தார்கள். மேலே போக வழியில்லாததால் கீழே வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதில் மார்த்தா கார்சியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2000 ஆகஸ்டில் பிறந்தவர், கடலோர நகரமான டெனியாவைச் சேர்ந்தவர். 2016இல் ஸ்பானிய ஃபார்முலா 4இல் ஓட்டத் தொடங்கினார். 2019இல் டபிள்யூ சீரிஸில் ஜெர்மனியின் நோரிஸ்ரிங்கில் ஒரு பந்தயம் வென்று, பருவத்தில் நான்காவதாக வந்தார். 2023இல் இருபத்திரண்டு வயதில், பிரேமா அணியின் டி421இல் உட்கார்ந்தார். ஃபார்முலா 4க்குள் முதன்முதலாக நுழைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, மறுபடி ஃபார்முலா 4.

இனி அதே அணியில் ஒரு பையனைப் பாருங்கள். ஆண்ட்ரியா கிமி ஆன்டொனெல்லி, 2006 ஆகஸ்டில் பிறந்தவர். 2022இல் இதே பிரேமா அணிக்காக, இதே டி421 வகை வண்டியில், இத்தாலிய ஃபார்முலா 4 பட்டத்தை வென்றார். பதினாறு வயது. 2023இல், கார்சியா இந்த வண்டியில் ஏறிய அதே ஆண்டு, அவர் ஐரோப்பிய ஃபார்முலா ரீஜினல் பட்டத்தை வென்றார். 2024இல் ஃபார்முலா 3ஐத் தாண்டிக் குதித்து நேரே ஃபார்முலா 2. 2025இல் மெர்சிடிஸ் அணிக்காக ஃபார்முலா 1. பையன் அசாத்தியத் திறமைசாலி, அதில் எனக்கு ஐயமில்லை. மெர்சிடிஸ் அவரைச் சின்ன வயதிலேயே தன் பயிற்சித் திட்டத்தில் எடுத்து வளர்த்தது. நான் கேட்பது திறமையைப் பற்றி அல்ல. ஒரே வாசல்தான், ஒருவருக்கு அது ஓராண்டில் கடக்கிற நிலைப்படி, இன்னொருவருக்கு ஏழாண்டு உட்கார்ந்த திண்ணை. பெண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வெற்றி தோல்வியை எண்ணுகிற அளவுக்குக் காத்திருந்த காலத்தை எண்ணுவதில்லை. எண்ணினால் வேறு வரலாறு கிடைக்கும்.

பணக் கணக்கும் எழுதிவிட வேண்டும். எஃப்1 அகாதமி டபிள்யூ சீரிஸைப் போல இலவசம் அல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் ஃபார்முலா 1 நிறுவனம் 1,50,000 யூரோ தந்தது. ஓட்டுநர் தன் பங்குக்கு 1,50,000 யூரோ கொண்டுவர வேண்டும். மிச்சத்தை அணி பார்த்துக்கொள்ளும். 1,50,000 யூரோ என்பது அன்றைய மதிப்பில் 1 கோடியே 30 லட்சம் ரூபாய்க்கு மேல். ஃபார்முலா 4 பருவம் ஒன்றுக்கு வழக்கமாக ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மலிவு என்று சொன்னார்கள், உண்மையும்கூட. ஆனால் பெண்களுக்காகத் திறக்கப்பட்ட வாசல் என்றபோது எந்தப் பெண்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அபுதாபியின் அம்னா, ஹம்தா அல் குபைசி சகோதரிகளின் தந்தை காலித் அல் குபைசி, லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் எமிராத்தியர். இவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. வீட்டுக் கொட்டகையில் பந்தய வண்டி நிற்கிற வீட்டில் பிறந்த பெண்ணுக்கும்கூட இந்த விளையாட்டு ஆண் வழிச் சொத்தாகத்தான் வந்து சேருகிறது என்பதற்காகச் சொல்கிறேன். அப்பாவின் கார் சாவி எங்கே தொங்குகிறது என்பது அபுதாபியிலும் முக்கியம், எங்கள் தெருவிலும் முக்கியம்.

இந்தப் பட்டியலில் புஸ்டமாண்டே வேறு மாதிரி. கார்ட்டில் தொடங்கிய நாள்முதல் விளம்பரதாரரைத் தேடித் தேடியே மேலே வந்ததாக அவர் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். சமூக ஊடகங்களில் அவருக்குக் கூடிய கூட்டத்தைப் பலர் ஏளனம் செய்தார்கள், ஓட்டுவதைவிடப் படம் போடுவதில்தான் கெட்டி என்றார்கள். அப்பன் பணம் இல்லாதவள் தன் முகத்தை வைத்துத்தான் பணம் திரட்ட முடியும் என்கிற நிலைமையை உண்டாக்கிவிட்டு, பிறகு முகத்தைக் காட்டுகிறாள் என்று குற்றம் சொல்வது பழைய வித்தை. நம் மேடைக் கலைஞர்களின் வரலாற்றில் இதைப் போதுமான அளவு பார்த்திருக்கிறோம். வலென்சியாவில் அவர் ஒரு பந்தயம் வென்றார். அந்த ஆண்டு அக்டோபரில் மெக்லாரன் தன் இளம் ஓட்டுநர் திட்டத்தில் அவரைச் சேர்த்தது. அத்திட்டத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர்.

பந்தய முறையையும் சொல்ல வேண்டும். வார இறுதியின் முதல் பந்தயமும் மூன்றாம் பந்தயமும் முப்பது நிமிடம். தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டியவர் முன்னால் நிற்பார். நடுவிலுள்ள இரண்டாம் பந்தயம் இருபது நிமிடம்தான். அதில் தகுதிச் சுற்றில் முதல் எட்டு இடம் பிடித்தவர்களின் வரிசை தலைகீழாக்கப்படும். எட்டாவது ஆள் முதலில், முதல் ஆள் எட்டாவதாக. புள்ளிகளும் குறைவு: முதல், மூன்றாம் பந்தயத்தில் வென்றால் 25, இரண்டாவதில் வென்றால் 10. தலைகீழ் வரிசை ஃபார்முலா 2, ஃபார்முலா 3இலும் உண்டு. முந்திச் செல்லக் கற்றுக்கொள்ளட்டும் என்பது நோக்கம். என் தங்கை மகளுக்கு இந்த இரண்டாம் பந்தயத்தின் மேல்தான் ஆசை. முடிவுத் தாளில் எட்டாவதாகக் கிளம்பியவர் எந்த இடத்தில் முடித்தார் என்று பார்த்து, எங்கே முந்தியிருப்பார், எந்தத் திருப்பத்தில் உள்பக்கம் நுழைந்திருப்பார் என்று அவளே ஒரு பந்தயத்தை மனத்தில் ஓட்டுவாள். நான் முத்தொள்ளாயிரத்தின் கிடைக்காத பாடல்களைப் பற்றி இப்படி யோசித்திருக்கிறேன்.

ஷ்பீல்பெர்க்கில் நடந்த முதல் பந்தயத்தில் கார்சியா வென்றார். இரண்டாவதில் அம்னா அல் குபைசி வென்றார். அதன் பிறகு பருவம் பெரும்பாலும் மூவர் கதை. கார்சியா ஏழு பந்தயங்கள் வென்றார். ஹம்தா அல் குபைசி விரட்டினார், பியூலர் பருவத்தின் பின்பாதியில் விடாமல் ஏறி வந்து இரண்டாமிடம் பிடித்தார். ஹம்தா மூன்றாவது. அப்பி புல்லிங் என்ற பெயரை நினைவில் வையுங்கள், அந்த ஆண்டு ஒரு பந்தயம்கூட வெல்லாதவர்.

அமைப்பை நடத்த வந்தவர் சூசி வோல்ஃப். 2014இல் பிரிட்டிஷ் கிராண்ட் பிரியின் பயிற்சிச் சுற்றில் வில்லியம்ஸ் வண்டியை ஓட்டியவர். ஃபார்முலா 1 வார இறுதியில் ஒரு பெண் பங்கேற்றது அதற்கு முன் 22 ஆண்டுகளுக்கு முன்புதான். 1992இல் இத்தாலியின் ஜொவானா அமாட்டி மூன்று பந்தயங்களுக்குத் தகுதி பெற முயன்று முடியாமல் போனவர். வோல்ஃப் எஃப்1 அகாதமிப் பொறுப்பை ஏற்றது 2023 மார்ச் 1. முதல் பந்தயத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நேரலை ஏற்பாடு இல்லாததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பணம் எங்கே முதலில் மிச்சப்படுத்தப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வண்டி இருந்தது, டயர் இருந்தது, அணி இருந்தது, கேமராதான் இல்லை. விளம்பரதாரர் இல்லாமல் இருக்கை இல்லை, திரையில் தெரியாமல் விளம்பரதாரர் இல்லை. 1,50,000 யூரோவைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டு, அதைத் தரக்கூடியவர் பார்க்கிற இடத்தில் அவளை நிறுத்தாமல் விட்டார்கள்.

பார்க்கப்படாமல் போவது இந்த விளையாட்டில் பெண்களுக்குப் புதிதல்ல. ஃபார்முலா 1 உலகப் போட்டியில் உண்மையில் பந்தயத்தில் ஓடிய பெண்கள் இதுவரை இரண்டே பேர், இருவரும் இத்தாலியர். மரியா தெரேசா டி ஃபிலிப்பிஸ் 1958இல். அந்த ஆண்டு பிரான்சில் பந்தய நிர்வாகி, பெண்ணுக்கு ஏற்ற ஹெல்மெட் முடியலங்கார நிலையத்தில் இருப்பதுதான் என்ற பொருளில் சொல்லித் தன்னைத் தடுத்ததாக அவரே முதுமையில் நினைவுகூர்ந்தார். அடுத்தவர் லெல்லா லொம்பார்டி. 1975இல் பார்சிலோனாவின் மோன்ஜுயிக் மலைத் தெருக்களில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில் ஆறாவதாக ஓடிக்கொண்டிருந்தார். ஒரு வண்டி தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உயிர்கள் போயின. பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. பாதி ஓட்டத்துக்குப் பாதிப் புள்ளி என்று விதி. ஆறாமிடத்துக்கு ஒரு புள்ளி, அதில் பாதி. உலகப் போட்டியின் வரலாற்றில் பெண்கள் பெற்ற மொத்தப் புள்ளி இன்றுவரை அந்த அரைப் புள்ளிதான். அரைப் புள்ளிக்கு மேலே எழுத ஒன்றும் இல்லை என்பதால் அதையே ஒவ்வொரு கட்டுரையும் எழுதுகிறது, இதோ நானும் எழுதிவிட்டேன். 1980இல் தென்னாப்பிரிக்காவின் டெசிரே வில்சன் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் ஃபார்முலா 1 வண்டியில் ஒரு பந்தயத்தை வென்றே காட்டினார். அது உலகப் போட்டியில் சேராத பிரிட்டிஷ் தொடர் என்பதால் அந்தக் கணக்கில் வராது. கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்பவர்கள் வேறு.

உடல் பலம் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். நான் கார் ஓட்டக் கற்ற பயிற்சிக் கூடத்திலும் வந்தது, "மேடம், ஸ்டியரிங் உங்களுக்குக் கனமா இருக்கும்" என்று. பந்தயத்தில் இதை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. ஃபார்முலா 1 வண்டியில் பவர் ஸ்டியரிங் உண்டு. அதற்கு முந்தைய படிகளான ஃபார்முலா 2, ஃபார்முலா 3 வண்டிகளில் இல்லை. வேகத் திருப்பங்களில் அவற்றின் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோளும் முன்கையும் கடுமையாக உழைக்க வேண்டும். உச்சியில் இருப்பதைவிட உச்சிக்குப் போகிற படி கனமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அது இயற்கை விதி அல்ல, செலவைக் குறைக்க யாரோ ஒரு வரைபட மேசையில் எடுத்த முடிவு. பெண்கள் அதற்கும் பயிற்சி செய்கிறார்கள். தனிப் போட்டியை எதிர்த்த அதே சோஃபியா ஃப்ளோர்ஷ், இதே 2023இல், பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில், ஆண்களோடு ஓடிய ஃபார்முலா 3 போட்டியில் புள்ளி எடுத்தார். அந்தப் போட்டியில் புள்ளி எடுத்த முதல் பெண். அந்தப் பந்தயம் நேரலையில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தனிப் போட்டி வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், என் பதில் ஒரே மாதிரி இருந்ததில்லை. பெண்கள் கல்லூரியில் படித்தவள் நான். அங்கேதான் முதன்முதலாக உரக்கப் பேசினேன். கவியரங்கத்தில் கைநடுங்காமல் நின்றதும் அங்கேதான். ஆனால் "பெண் கவிஞர்கள் அமர்வு" என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரங்கம் காலியாகிற நேரத்தில் ஒதுக்கப்படும் மேடைகளிலும் நின்றிருக்கிறேன். இரண்டும் தனி இடங்கள்தான். முதலாவதில் கதவு வெளியே திறந்தது, இரண்டாவதில் அது கதவே இல்லை. 2023 பருவம் இந்த இரண்டில் எது என்று அந்தப் பருவம் முடியும்வரை எனக்குத் தெளிவாகவில்லை.

அக்டோபரில் ஆஸ்டின் வந்தது. அந்த வாரம் திருச்சிக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன், அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டு போனேன். அமெரிக்காவில் பகல், நமக்கு இரவு. தங்கை தூங்கப் போய்விட்டாள். ஊட்டமான ஒலி எழுப்பும் டி421 வண்டிகளை முதன்முதலாக ஓடக் கண்டோம். அவள் ஆறு மாதமாக மனத்தில் ஓட்டியதைவிட அவை மெதுவாக இருந்தனவா வேகமாக இருந்தனவா என்று கேட்டேன். "சத்தம்தான் நினைச்ச மாதிரி இல்ல பெரியம்மா" என்றாள். ஆஸ்டின் களத்தின் முதல் திருப்பம் ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. ஓட்டுநருக்கு ஏறும்போது வானம் மட்டும்தான் தெரியும், திருப்பத்தின் மறுபக்கம் தெரியாது. அந்த மேட்டில் பதினைந்து வண்டிகளும் ஒன்றாக ஏறியதைப் பார்த்தபோது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார இறுதியின் முதல் பந்தயத்திலேயே வென்று கார்சியா பட்டத்தை உறுதி செய்தார்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 2024இல் எஃப்1 அகாதமியின் எல்லா வார இறுதிகளும் ஃபார்முலா 1 பந்தயங்களோடு சேர்க்கப்பட்டன. பத்து ஃபார்முலா 1 அணிகளும் ஆளுக்கொரு பெண்ணைத் தேர்ந்து தங்கள் நிறங்களை வண்டியில் பூசின. நேரலை வந்தது. 2025இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது, 2024 பருவத்தைப் பற்றியது. முதல் பருவத்தில் ஒன்றும் வெல்லாத அப்பி புல்லிங் 2024இல் பட்டம் வென்றார். அதே ஆண்டு ஆண்களோடு ஓடும் பிரிட்டிஷ் ஃபார்முலா 4இல் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் ஒரு பந்தயத்தையும் வென்றார். அந்தப் போட்டியில் வென்ற முதல் பெண். யாருக்கும் இரண்டு பருவத்துக்கு மேல் இடமில்லை என்று எஃப்1 அகாதமியில் விதி இருக்கிறது. சாட்விக்குக்கு நேர்ந்தது மறுபடி நேராதபடி வாசலில் உட்கார விடுவதில்லை. அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்பதற்கு விதி எதுவும் இல்லை.

கார்சியாவுக்குப் பரிசு என்ன தெரியுமா? 2024இல் ஐரோப்பிய ஃபார்முலா ரீஜினல் போட்டியில் ஒரு பருவம், முழுச் செலவும் தரப்படும். ஆன்டொனெல்லி முந்தைய ஆண்டு வென்று விட்டுப்போன போட்டி. அயர்ன் டேம்ஸ் என்ற பெண்கள் திட்டத்தின் இளஞ்சிவப்பு வண்ணத்தில், பிரேமா அணியின் வண்டியில் அவர் ஓட்டினார். தன்னைவிட ஐந்தாறு வயது இளைய பையன்களுக்கு நடுவே. வாசலைத் தாண்டிவிட்டார், ஆனால் உள்ளே நுழைந்தபோது வயது இருபத்துமூன்று. அங்கே மேடை ஏறும் வெற்றி எதுவும் அவருக்கு அமையவில்லை. இதை வைத்து, பார்த்தீர்களா, பெண்களால் முடியாது என்று எழுதியவர்களும் உண்டு. அவர்களிடம் அந்த ஏழு ஆண்டுகளின் கணக்கு இல்லை.

தங்கை மகள் இப்போது கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படிக்கிறாள், வகுப்பில் அறுபது பேருக்கு நான்கு பெண்கள். போன பொங்கலுக்கு வந்தபோது அவளுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்று என் கையில் கிடைத்தது. பின்பக்கங்களில் 2023இன் பதினெட்டுப் பந்தயங்களும் தேதி வாரியாக இருந்தன. தொடங்கிய இடம், முடித்த இடம், வித்தியாசம். பக்கவாட்டில் பென்சிலால் கோடு கோடாகத் திருப்பங்களை வரைந்து, அம்புக்குறி போட்டிருந்தாள். இரண்டு மூன்று இடங்களில் அம்புக்குறியை அழித்து மறுபடி வேறு பக்கமாகப் போட்டிருந்தாள். "இதெல்லாம் தப்பு பெரியம்மா, அப்ப எனக்கு பிரேக்கிங் பாயின்ட்னா என்னன்னே தெரியாது, தூக்கிப் போடுங்க" என்றாள். நான் அதை என் பையில் வைத்துக்கொண்டேன்.